கணக்கு அண்ணனிடம், நோட்டீஸ் என் பெயரில்

கேள்வி: நான் முழுநேர ஓவியர். பதினாறு ஆண்டுகளாகப் படங்களை விற்பதும், பதிப்பகங்களுக்கு அட்டைப்படமும் உள்ளோவியமும் வரைந்து கொடுப்பதும், எப்போதாவது வெளிநாட்டுப் பயிலரங்குகளில் கற்பிப்பதுமே என் வருமானம். தொடக்கத்திலிருந்தே என் அண்ணன்தான் வரவு செலவைப் பார்த்துக்கொள்கிறார். அவர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடுவதோடு என் வேலை முடிந்துவிடும். மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய வருமானத்தைக் குறைத்துக் காட்டியதாக இப்போது வரித்துறையிலிருந்து என் பெயருக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. இதற்கு முன்பே ஒரு நோட்டீஸ் மின்னஞ்சலில் வந்ததாம். அது அண்ணனின் முகவரிக்குப் போனதால் எனக்குத் தெரியவில்லை. அண்ணன் என்னை ஏமாற்றுகிறவர் அல்லர். நல்ல ஆடிட்டராகப் பார் என்கிறார்கள் நண்பர்கள். ஒருவர் மட்டும், நீயே கற்றுக்கொள் என்கிறார். கணக்கில் இறங்கினால் வரைவது கெட்டுவிடும் என்று பயமாக இருக்கிறது. கலைஞர் ஏன் இதையும் தன் தலையில் போட்டுக்கொள்ள வேண்டும்?

பதில்: உங்கள் அண்ணனைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதை நான் அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். வரி ஆலோசகரான என்னிடம் இத்தகைய நோட்டீஸோடு வரும் கலைஞர்களில் திருட்டுக்கு ஆளானவர்கள் சிலர்தாம். பெரும்பாலோர் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட தவறான பதிவுகளால் சிக்கியவர்கள். ஆனால் உங்கள் கேள்விக்கான முதல் விடை நோட்டீஸின் முகவரியிலேயே இருக்கிறது. வருமான வரிப் படிவம் என்பது, சம்பாதித்தவர் அரசுக்குக் கொடுக்கும் வாக்குமூலம். அதைத் தயாரிக்கும் வேலையை அண்ணனுக்கோ ஆடிட்டருக்கோ கொடுக்கலாம்; அதில் சொல்லப்பட்டிருப்பது உண்மை என்று உறுதி கூறும் பொறுப்பை எந்தச் சட்டமும் அவ்வளவு எளிதில் கைமாற விடுவதில்லை. நல்ல ஆடிட்டரை அமர்த்திக்கொண்டாலும் இதுவே நிலைமை. ஆகவே உங்கள் நண்பர்களின் இரண்டு யோசனைகளும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஆடிட்டர் தேவை, அவரிடம் எதைக் கொடுக்கிறோம், அவர் எதைத் திருப்பித் தருகிறார் என்று புரிந்துகொள்ளும் அளவுக்கு நீங்களும் தேவை.

நோட்டீஸின் நகலை நீங்கள் அனுப்பவில்லை என்பதால் அதன் காரணத்தை உறுதியாகக் கூற இயலாது. எனினும் ஓவியர்கள், இசைக்கலைஞர்கள், எழுத்தாளர்கள் ஆகியோருக்கு வரும் இத்தகைய நோட்டீஸ்களில் நான் திரும்பத் திரும்பக் காணும் காரணம் ஒன்று உண்டு. அதை ஓர் எண்கணக்காகவே காட்டுகிறேன். ஒரு பதிப்பகம் உங்களுக்கு 100 தர ஒப்புக்கொள்கிறது. இடையில் இருக்கும் முகவர் தன் கமிஷனாக 15 எடுத்துக்கொள்கிறார். பதிப்பகம் சட்டப்படி, உங்கள் சார்பில் அரசுக்குக் கட்டுவதற்காக, 10 வரிப் பிடித்தம் செய்கிறது. உங்கள் வங்கிக் கணக்கில் வந்து விழுவது 75. வங்கிப் புத்தகத்தைப் பார்த்து எழுதும் எவரும், உங்கள் அண்ணனைப் போலவே, வருமானம் 75 என்றுதான் எழுதுவார். பதிப்பகமோ உங்கள் பெயரில் 100 கொடுத்ததாக வரித்துறைக்குத் தெரிவித்திருக்கும். இரண்டையும் ஒப்பிடும் கணினிக்கு அண்ணனின் நல்லெண்ணம் தெரியாது. 25 மறைக்கப்பட்டிருக்கிறது என்பது மட்டுமே தெரியும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இப்படி எழுதியதால் நீங்கள் லாபமடைந்திருக்கவும் மாட்டீர்கள். வரி விகிதம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முறைப்படி எழுதியிருந்தால் வருமானம் 100, கமிஷன் என்ற செலவு 15, மீதி 85, அதற்கான வரி 17. அதில் 10 ஏற்கெனவே பிடிக்கப்பட்டுவிட்டதால் நீங்கள் கட்ட வேண்டியது வெறும் 7. அண்ணன் 75-ஐ வருமானமாகக் காட்டி, பிடித்தத்தைக் கழித்துக்கொள்ளாமல் விட்டிருந்தால், நீங்கள் கட்டியிருப்பது 15. அதாவது கட்ட வேண்டியதைப் போல இரு மடங்குக்கு மேல் கட்டிவிட்டு, குறைத்துக் காட்டியதற்கான நோட்டீஸையும் கையில் வைத்திருக்கிறீர்கள். உங்களிடம் நடந்தது இதுதானா என்று அந்த ஆண்டின் இன்வாய்ஸ்களையும், வரி பிடிக்கப்பட்டதற்கான சான்றிதழ்களையும், வங்கி வரவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு மாலைப்பொழுதில் தெரிந்துவிடும். ஒப்புக்கொண்ட தொகை எவ்வளவு, இடையில் போனது எவ்வளவு, யாருக்குப் போனது, கைக்கு வந்தது எவ்வளவு என்ற நான்கையும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரே வரியில் எழுதிவைக்கும் பழக்கம் இருந்திருந்தால் இந்த நோட்டீஸுக்கே இடமிருந்திருக்காது. அந்த ஒப்புக்கொண்ட தொகை யாருக்குத் தெரியும்? பேசி முடித்த உங்களுக்குத்தான்.

செலவின் பக்கத்தில் இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். ஒரு பயண டிக்கெட்டைப் பார்த்து அது கண்காட்சிக்காகப் போனதா, உறவினர் திருமணத்துக்காகப் போனதா என்று எந்த ஆடிட்டராலும் சொல்ல முடியாது. வாங்கிய கேமரா படங்களை ஆவணப்படுத்தவா, குடும்பத்துக்கா? வாடகை வீட்டின் எந்த அறை பட்டறை, எந்த அறை படுக்கையறை? தொழிலுக்கான செலவைக் கழித்துக்கொள்ள அனுமதிக்கும் சட்டங்கள் பொதுவாக, அது தொழிலுக்கானது என்று காட்டும் சுமையை உங்கள் மீதுதான் வைக்கின்றன. ரசீதின் பின்புறம் அன்றைக்கே எழுதப்பட்ட ஐந்து சொற்கள், மூன்றாண்டு கழித்து ஆடிட்டர் எழுதும் ஐந்து பக்க விளக்கத்தைவிட விசாரணை அதிகாரியிடம் மதிப்புப் பெறும். ஒரு படத்தைக் கொடுத்துவிட்டு அதற்கு ஈடாக மற்றப் படங்களுக்கு மரச்சட்டம் போட்டுக்கொண்டது, பல் மருத்துவம் பார்த்துக்கொண்டது போன்ற பண்டமாற்றுகளையும் பெரும்பாலான நாடுகளின் வரிச்சட்டம் வருமானமாகவே கருதுகிறது. வங்கிப் புத்தகத்தில் தடமே இல்லாத இவற்றை உங்களைத் தவிர வேறு எவர் சொல்லக்கூடும்?

கணக்கு எழுதினால் கலை கெட்டுவிடும் என்ற பயத்துக்கு நான் விவாதமாகப் பதில் சொல்வதைவிட ஒருவரை நினைவூட்டுவது மேல். ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர், பேரரசர் மாக்சிமிலியன் தனக்கு அளித்துவந்த ஆண்டு உதவித்தொகை, அவர் 1519-இல் இறந்தபின் நின்றுபோகாமலிருக்க, புதிய பேரரசர் ஐந்தாம் சார்லஸின் உறுதிமொழியைப் பெறுவதற்காக 1520-இல் நெதர்லாந்துப் பகுதிகளுக்குப் புறப்பட்டார். ஏறத்தாழ ஓராண்டு நீண்ட அந்தப் பயணத்தில் அவர் எழுதிய நாட்குறிப்பின் பெரும்பகுதி வரவு செலவுதான்: எந்த அச்சோவியத்தை என்ன விலைக்கு விற்றார், யாருக்கு இலவசமாகக் கொடுத்தார், பதிலுக்கு என்ன கிடைத்தது, வண்டிக்காரனுக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, சூதாட்டத்தில் தோற்றது எவ்வளவு என்பது வரை. முடிவில், அந்த நாட்டில் தான் செய்த கொடுக்கல் வாங்கல்கள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் நஷ்டமே என்று அவரே எழுதிவைத்தார். தேடிப் போன உதவித்தொகை கிடைத்தது என்பது வேறு விஷயம். அதே பயணத்தில் வரைந்த உருவப்படங்களும் கோட்டுச் சித்திரங்களும் அவருடைய சிறந்த படைப்புகளில் எண்ணப்படுகின்றன. கணக்கு எழுதிய கையும் வரைந்த கையும் ஒன்றுதான்.

நம்பிக்கையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், உங்கள் அண்ணனைக் குறித்து அல்ல, ஏற்பாட்டைக் குறித்து. கனடா நாட்டுக் கவிஞரும் பாடகருமான லியோனார்டு கோயன், நெடுங்காலம் தன் நெருங்கிய நண்பராகவும் இருந்த மேலாளரிடம் பணப்பொறுப்பு முழுவதையும் விட்டிருந்தார். ஓய்வுக்காலச் சேமிப்பில் பெரும்பகுதி போய்விட்டது என்று 2004-இல் தெரியவந்தது. வழக்குத் தொடுத்து, 2006-இல் 90 லட்சம் டாலர் தர வேண்டும் என்ற தீர்ப்பும் பெற்றார். தீர்ப்பு கிடைத்தும் பணம் வந்து சேரவில்லை. 2008-இல், 73 வயதில், மீண்டும் ஊர் ஊராகக் கச்சேரிக்குக் கிளம்பினார். அந்தச் சுற்றுப்பயணம் மாபெரும் வெற்றி பெற்றது. எல்லாருக்கும் அப்படி ஒரு வாய்ப்பு அமைவதில்லை. அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனின் கதை உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. ஆலோசகர்கள் காட்டிய வரிச்சலுகை முதலீட்டுத் திட்டங்களை வரித்துறை ஏற்க மறுத்தது. 1990-இல் 1 கோடியே 60 லட்சம் டாலருக்கும் மேற்பட்ட பாக்கிக்காக அவருடைய சொத்துகள் பறிமுதல் செய்யப்பட்டன. யோசனை சொன்னவர்கள் மீது அவர் பின்னர் வழக்குப் போட்டார். ஆனால் வரித்துறை வந்து நின்ற வாசல் அவருடையது.

முதலாவதில் திருட்டுப் புகார், இரண்டாவதில் தவறிய யோசனை. இரண்டிலிருந்தும் நான் எடுத்துக்கொள்ளும் பாடம், பணத்தை வாங்குபவர், செலவிடுபவர், அதைப் பதிபவர், பதிந்ததைச் சரிபார்ப்பவர் எல்லாரும் ஒருவராகவே அல்லது ஒரே தரப்பாகவே இருக்கக் கூடாது என்பதுதான். எந்த அலுவலகத்திலும் காசாளரையே தணிக்கையாளராகவும் வைப்பதில்லை. அண்ணன் எழுதட்டும்; வங்கி அறிக்கை உங்கள் கைபேசிக்கு வரட்டும். பணம் அனுப்பும் அதிகாரத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள். அதற்கு மேற்பட்ட தொகைக்கு உங்கள் ஒப்புதல் வேண்டும் என்று வங்கியிலேயே ஏற்பாடு செய்ய முடியும். வரித்துறையில் பதிவாகியிருக்கும் மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் இன்றே உங்களுடையவையாக மாற வேண்டும். முதல் நோட்டீஸ் உங்கள் கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் அது ஒன்றுதான். காலக்கெடு தவறியதால் அபராதம் ஏதும் கூடியிருந்தால் அதற்கும் அதுவே காரணம். இதைச் சொல்லும்போது அண்ணன் வருத்தப்படலாம். பதினாறு ஆண்டுகள் உங்களுக்காக உழைத்தவரிடம் பேசுகிறோம் என்பதை மறக்காமல், அவர் மீது ஒரு பழி வந்தால் அவரைக் காப்பதும் இந்த ஏற்பாடுதான் என்று எடுத்துச் சொல்லுங்கள். அது சமாதானத்துக்காகச் சொல்லும் வார்த்தை அல்ல, உண்மை.

இனி, கலைஞர்களுக்கே உரிய சிக்கல் ஒன்றுக்கு வருகிறேன். என் பார்வையில் இதுதான் நோட்டீஸைவிடப் பெரியது. மாதச் சம்பளக்காரருக்கு வரி மாதந்தோறும் பிடிக்கப்பட்டுவிடும். கையில் வருவது முழுவதும் அவருடையது. உங்களுக்கு வருவதில் ஒரு பகுதி உங்களுடையதே அல்ல, ஆனால் அது வரும்போது அப்படி எந்த அடையாளமும் இல்லாமல் வருகிறது. ஒரு நல்ல ஆண்டில் பெரிய கண்காட்சி நடந்து படங்கள் விற்றுத் தீர்கின்றன. பழைய கடன் அடைகிறது, பட்டறை விரிவாகிறது. அந்த ஆண்டுக்கான வரியின் இறுதித் தொகை தெரியவருவது அடுத்த ஆண்டில். கலை வாழ்க்கையின் இயல்புப்படி, பெரிய கண்காட்சிக்கு அடுத்த ஆண்டு பெரும்பாலும் வறட்சியான ஆண்டு. செழித்த ஆண்டின் வரியை வறண்ட ஆண்டின் வருமானத்திலிருந்து கட்ட நேரும்போதுதான் பல கலைஞர்கள் கடன் வாங்குகிறார்கள், வேண்டாத வேலைகளை ஒப்புக்கொள்கிறார்கள், விற்க நினைத்திராத படத்தைக் கிடைத்த விலைக்குக் கொடுக்கிறார்கள். வருமானம் ஏற ஏற வரி விகிதமும் ஏறும் நாடுகளில், இரண்டு ஆண்டுகளில் சமமாக வந்திருந்தால் கட்டியிருக்கும் வரியைவிட ஒரே ஆண்டில் குவிந்து வந்ததற்கு அதிகம் கட்ட வேண்டியும் வரும். ஆண்டுகளுக்கிடையே வருமானத்தைச் சராசரியாக்கிக்கொள்ளும் சலுகையைச் சில நாடுகள் கலைஞர்களுக்குத் தருகின்றன. உங்களுக்கு அது உண்டா என்பதை ஆடிட்டரிடம் கேட்டு வையுங்கள்.

இதற்கு மருந்து எளியது. வரிக்கென்றே தனியாக ஒரு வங்கிக் கணக்கு தொடங்குங்கள். அதற்குப் பணமெடுக்கும் அட்டை வாங்காதீர்கள். கடந்த ஆண்டு நீங்கள் கட்டிய மொத்த வரியை அந்த ஆண்டின் மொத்த வரவால் வகுத்தால் ஒரு விகிதம் கிடைக்கும். அதைவிடச் சற்றுக் கூடுதலான விகிதத்தை, ஒவ்வொரு வரவிலிருந்தும் அது வந்த அன்றே அந்தக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். மாதக் கடைசியில் மாற்றலாம் என்று வைத்தால் மாதக் கடைசியில் மாற்றுவதற்கு எதுவும் இருக்காது. முன்கூட்டியே தவணைகளில் வரி கட்டச் சொல்லும் சட்டம் உங்களுக்குப் பொருந்துமானால் அந்தத் தவணைகளும் இங்கிருந்தே போகும். தொழில் வரவு செலவுக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு, வரிக்கு ஒரு கணக்கு என்று மூன்றாகப் பிரிந்துவிட்டால் பதிவு எழுதும் வேலையில் பாதி தானாகவே முடிந்துவிடும்.

ஒப்பந்தங்களையும் நீங்கள் இதே அலட்சியத்தோடு கையெழுத்திட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். தவறாக இருந்தால் மகிழ்ச்சி. ஓர் ஓவியத்தை விற்பதாலேயே அதை அச்சிட்டுப் பெருக்கும் உரிமையும் வாங்கியவருக்குப் போய்விடுவதில்லை என்பது பெரும்பாலான நாடுகளின் பதிப்புரிமைச் சட்டம். பொதுவாக, எழுதிக் கொடுத்தால்தான் போகும். நீங்கள் எதையெல்லாம் எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் என்பதற்குப் பட்டியல் உண்டா? ராயல்டியில், அதாவது விற்கும் பிரதிகளுக்கு உங்களுக்கு வரும் பங்கில், கழித்துக்கொள்ளப்படும் முன்பணம் வாங்கியிருந்தால், அது ஈடாகும் வரை அடுத்த காசு வராது. ஆனால் ஈடாகிவிட்டதா என்பதை பதிப்பகம் அனுப்பும் விற்பனை அறிக்கையை நீங்கள் படித்தால்தான் கண்டுபிடிக்க முடியும். விற்ற பிரதிகள், திரும்பி வந்தவை, இருப்பு வைத்துக்கொண்டவை என்ற மூன்று பத்திகளையும் முந்தைய அறிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கணக்கைச் சரிபார்க்கும் உரிமை ஒப்பந்தத்தில் இருந்தால் அதற்குக் காலவரம்பும் பெரும்பாலும் இருக்கும். படிக்காமல் வைத்த அறிக்கைகளோடு அந்தக் காலமும் கழிந்துவிடும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு, வரிச்சட்டத்தையே படிக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். அதற்குத்தான் எங்களைப் போன்றவர்கள் இருக்கிறோம், கட்டணமும் வாங்குகிறோம். வாரத்தில் ஒரு நாள், வரைவதற்கு உங்களுக்கு ஒத்துவராத நேரமாகப் பார்த்து, ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்: அந்த வாரத்தின் ரசீதுகளுக்குக் குறிப்பு எழுதுவது, வரவேண்டிய தொகைகளில் எவை தவறியிருக்கின்றன என்று பார்ப்பது, வரிக் கணக்கின் இருப்பைச் சரிபார்ப்பது. அண்ணனோடு சேர்ந்தே உட்காரலாம். முதல் சில வாரங்கள் எரிச்சலாகத்தான் இருக்கும். பழைய ஆண்டுகளின் தாள்களைத் தோண்ட வேண்டியிருப்பதே காரணம். ஆடிட்டரைத் தேர்ந்தெடுக்கும்போது, உங்கள் படிவத்தின் ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குப் புரியும் மொழியில் விளக்கத் தயாராக இருப்பவரைப் பாருங்கள். விளக்கம் கேட்டால் சலித்துக்கொள்பவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் உங்களுக்கு ஆகமாட்டார். வரியே கட்ட வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

நோட்டீஸ் விஷயத்தில் உடனே செய்ய வேண்டியவை. அதில் பதிலளிக்கக் கடைசித் தேதி எது, எந்த ஆண்டு, எந்த வருமானம், எந்தப் பிரிவின் கீழ் என்று பாருங்கள். தேதி நெருங்கிவிட்டிருந்தால், அது கடப்பதற்கு முன்பே கூடுதல் அவகாசம் கேட்டு எழுதுங்கள். கடந்தபின் கேட்பதற்கும் முன்பே கேட்பதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு. உங்கள் பெயரில் பிறர் தெரிவித்திருக்கும் தொகைகளின் பட்டியலைத் துறையிடமிருந்து பெற்று, உங்கள் இன்வாய்ஸ்களோடு ஒவ்வொன்றாகப் பொருத்துங்கள். உண்மையிலேயே விடுபட்டது ஏதும் இருந்தால் ஒப்புக்கொண்டு வட்டியோடு கட்டிவிடுவதே சிக்கனம். தொலைந்த ரசீதுக்குப் பதிலாகப் புதிதாக ஒன்றை எழுதிப் பழைய தேதி போடும் யோசனையை யாராவது சொன்னால், சாதாரணப் பிழையைக் குற்றமாக மாற்றிக்கொள்ளும் வழி அது என்று அறிந்துகொள்ளுங்கள். அனுப்பும் பதிலை நீங்களே முழுவதும் படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

வெளிநாட்டுப் பயிலரங்குகளைப் பற்றி ஒன்று. ஒரே வருமானத்துக்கு இரு நாடுகளிலும் வரி விழாமல் தடுக்க நாடுகள் செய்துகொள்ளும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை, மேடையில் நிகழ்த்தும் கலைஞர்களின் வருமானத்துக்கு, நிகழ்ச்சி நடந்த நாடும் வரி விதிக்கலாம் என்ற தனி விதியைக் கொண்டவை. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் மாதிரி ஒப்பந்தத்தில் அது 17-ஆவது பிரிவு. கற்பிப்பதும் ஓவியம் வரைந்து கொடுப்பதும் பொதுவாக அந்தப் பிரிவில் வருவதில்லை. ஆனால் அழைத்தவர்கள் அந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் வரியைப் பிடித்திருக்கக்கூடும். பிடித்திருந்தால் அந்நாட்டில் திரும்பக் கேட்கவோ, உங்கள் நாட்டு வரியில் கழித்துக்கொள்ளவோ வழி இருக்கலாம். இரண்டுக்கும் பிடித்தச் சான்றிதழ் வேண்டும். நோட்டீஸ் குறிப்பிடும் ஆண்டில் அப்படிப் போயிருந்தால் அமைப்பாளர்களுக்கு இந்த வாரமே எழுதுங்கள். மூன்றாண்டுக்கு முந்தைய தாளைத் தேடி அனுப்ப அவர்களுக்கு நாளாகும், உங்களுடைய காலக்கெடு அதற்காகக் காத்திருக்காது.